நெல் காக்கும் பூனை வாயில் தாண்டி ஓடாதிருக்கச் செய்யும் முறை

தை, மாசி மாதங்களில் சம்பா நெல் களத்திலிருந்து வீடு வந்து சேருகின்றது. விற்பனைக்குப் போக எஞ்சிய நெல்லையும், அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதைநெல்லையும் குடியானவர்கள் குதிரிலோ, பத்தாயத்திலோ, சாக்கு மூட்டைகளிலோ சேமித்து வைக்கின்றனர். அறுவடையான வயலில் இரை குன்றிய எலிகளும் அந்நெல்லைப் பின்பற்றிக் களத்துமேடு, வைக்கோற்போர், மாட்டுக்கொட்டில், வீடு என்ற வரிசையில் வந்து குடியேறுகின்றன. இக்காலத்தில் ஒரு நல்ல பூனையின் உதவி எத்தகையது என்பதைக் குடும்பப் பெண்டிர் நன்கு அறிவர்.

ஆயினும், பூனை வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு குறை உண்டு. மாலையில் விளக்கேற்றும் வேளைக்கு யாரேனும் தெருக்கதவைத் திறந்தால், அதுவரை உறங்கிக்கொண்டிருந்ததுபோல் காணப்பட்ட பூனை, திறப்பவரின் காலிடையே புகுந்து வெளியே பாய்ந்துவிடுகின்றது. எலிகள் நடமாடும் இரவு முழுவதும் அது ஊர் சுற்றிவிட்டு, விடிந்தபின் திரும்பி வந்து அடுப்பங்கரையில் படுத்துக்கொள்கின்றது. சில நாட்களில் திரும்பி வாராமலே போய்விடுவதும் உண்டு. இவ்வாறு பாயும் பழக்கத்தைத் தடுப்பது அரிய காரியமன்று. ஆனால் அதட்டுவதனாலும் அடிப்பதனாலும் அது ஒருபோதும் நடவாது.

பூனையால் ஆவதும் ஆகாததும்

பூனையை வீட்டில் நிறுத்த முயல்வதற்கு முன், அதனால் என்ன பயன் என்பதைச் சரியாக மதிப்பிடுதல் நலம். பூனை ஒன்று இருந்தால் எலி அறவே ஒழியும் என்பது மிகைக் கூற்று. முன்பே எலிகள் பெருகிவிட்ட இடத்தில் பூனையால் அவற்றை ஒழிக்க இயலாது. 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் சார்ல்ஸ் எல்டன் என்பவர், பண்ணைகளில் பூனைகளைக் கொண்டு எலிகளை அடக்குதல் பற்றித் தாம் கண்டவற்றை வெளியிட்டார். முதலில் வேறு வழிகளால் எலிகளை நீக்கிவிட்டால், அதன்பின் புதிய எலிகள் வந்து குடியேறாதபடி பண்ணைக் கட்டிடங்களைப் பூனைகள் காத்து நிற்கும் என்பது அவர் கண்ட முடிவு. அப்பூனைகளுக்கு நாள்தோறும் கட்டிடத்தின் அருகிலேயே பால் வைக்கப்பட்டது என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கது. உணவு கிடைக்கும் இடத்தைப் பூனை விட்டகலாது. பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்று நம் கிராமங்களில் வழங்கும் கருத்து முற்றிலும் தவறானது. பட்டினிப் பூனை எலியைத் தேடுவதற்கு முன் அடுத்த வீட்டு மீன்சட்டியைத் தேடும்.

இன்னொன்றும் கூறவேண்டும். சுண்டெலி, வீட்டெலி ஆகியவற்றை அடக்குவது பூனைக்கு எளிது. நன்கு வளர்ந்த பெருச்சாளியைக் கண்டால் பல பூனைகள் விலகிப்போகும். அதனைப் பிடிக்கப் பொறியே தகுதி. வயலில் எலிகளை உண்ணுவதற்கு ஆந்தைகள் உள்ளன. அவை வந்து அமர வரப்பருகில் குறுக்குச் சட்டம் பொருத்திய கழிகளை நடுதல் நல்ல முறை. வயலுக்குப் பூனையை அனுப்பவேண்டியதில்லை. பூனையின் இடம் நெல் இருக்கும் அறையே.

வெளியில் உள்ள அபாயம்

முன்னாளைக் காட்டிலும் இந்நாளில் வெளியே செல்லும் பூனைக்கு அபாயம் மிகுதி. சாலைகளில் விரையும் வண்டிகளும், கூட்டமாகத் திரியும் நாய்களும் எல்லோர்க்கும் தெரிந்தவை. கிராமங்களில் அவற்றினும் பெரியது எலி நஞ்சு.

வயல்களில் இரண்டு வகை நஞ்சுகள் பெரிதும் வழங்குகின்றன. ஒன்று துத்தநாக பாஸ்பைடு என்னும் கருஞ்சாம்பல் நிறத் தூள். பொரி அல்லது நொய் போன்ற இரை 49 பங்குக்குத் தூள் ஒரு பங்கு வீதம் சிறிது எண்ணெயுடன் கலந்து இதனை வைப்பர். நஞ்சு கலவாத இரையை முன்னதாக இரண்டு மூன்று நாட்கள் வைத்து எலிகளைப் பழக்குவதும் வழக்கம். இத்தூள் எலியின் வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை உண்டாக்குவதால் எலி சில மணி நேரத்தில் மடிகின்றது. மற்றொன்று புரோமாடையோலோன் என்பது. பெரும்பாலும் சிறு கட்டிகளாக விற்கப்படுகின்றது. இது இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பதால், எலி உடனே சாகாமல் சில நாட்கள் கழித்து உட்குருதிப் பெருக்கால் சாகின்றது.

பூனைக்கு இவ்விரண்டில் எது கெடுதி என்றால், இரண்டும் கெடுதியே. ஆனால் விதம் வேறு. துத்தநாக பாஸ்பைடு எலியின் தசையில் தங்குவதில்லை. எனினும் செரியாத நச்சிரை எலியின் வயிற்றிலிருக்கும்போது பூனை அதனைத் தின்றால் தீங்கு நேரும். புரோமாடையோலோன் எலியின் ஈரலில் தங்கிவிடும். அதனை உண்ட எலி சாகும்வரையுள்ள நாட்களில் சோர்ந்து, ஓட மாட்டாமல், பட்டப்பகலிலும் வெளியே தள்ளாடித் திரியும். இத்தகைய எலியைப் பிடிப்பது பூனைக்கு மிக எளிது. நல்ல வேட்டைப் பூனையாயின் இவ்வாறு பல எலிகளைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஊரில் எலி ஒழிப்பு நடந்த ஒன்றிரண்டு வாரங்களுக்குள் வீட்டுப் பூனைகள் மறைவதற்கு இதுவும் ஒரு காரணம். பூனை போனபின் எஞ்சிய எலிகள் தடையின்றிப் பெருகும். நெற்குதிருக்கு இது இரட்டை நட்டம்.

வெறிநோயையும் மறக்கலாகாது. நாயினாலேயே அந்நோய் பெரிதும் பரவினும், வெறிநாய் கடித்த பூனையும் மனிதர்க்கு அதனைத் தரும். வெளியே திரியும் பூனை நாயுடன் பொருதிக் காயத்துடன் வீடு திரும்பி, குழந்தையின் பாயில் படுப்பது சாதாரணமாக நடப்பது.

பூனை ஏன் பாய்கின்றது

பூனை இயல்பாக விடியற்காலையிலும் அந்திவேளையிலும் மிகுந்த சுறுசுறுப்புடையது. வீட்டில் கதவு பலமுறை திறக்கப்படுவதும் அவ்விரு வேளைகளிலேதான். பால் கறக்கச் செல்வோரும், சாணம் தெளிக்க எழுவோரும், வயலிலிருந்து திரும்புவோரும் கதவைத் திறக்கும் நேரமும், பூனைக்கு வேட்டை நினைவு வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

மேலும், பூனையின் செவி மனிதர் செவியைக் காட்டிலும் மிக நுட்பமானது. மனிதர் நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேட்க இயலாது. பூனை 60,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியையும் கேட்கும். எலிக்குஞ்சுகள் தம்முள் எழுப்பும் மெல்லிய கீச்சொலி மனிதர் காதில் விழுவதேயில்லை. பூனைக்கோ அது கதவுக்கு அப்பாலிருந்தும் கேட்கின்றது. வெறுங்கதவை நோக்கிப் பூனை உட்கார்ந்திருப்பதாக நாம் எண்ணுவது பலமுறை வெறுங்கதவன்று.

இனச்சேர்க்கை விருப்பம் மற்றொரு பெருங்காரணம். பெண்பூனை ஐந்தாறு மாத வயதிலேயே பருவமடையும். கருவுறாவிடில் மீண்டும் மீண்டும் பருவம் வந்து, இரவெல்லாம் கதறிக் கதவைப் பிறாண்டும். கடுவன் பூனை அக்குரலை நெடுந்தொலைவிலிருந்தே கேட்டு ஓடும். இவ்விருப்பம் உள்ளவரை எந்தப் பயிற்சியும் முழுப் பலன் தராது.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது வீட்டாரின் பழக்கமே. வெளியே போகின்றவர் நிலைப்படியில் நின்று பூனையைத் தடவிக்கொடுப்பதும், வீடு திரும்புகின்றவர் கூடையிலிருந்து மீன்தலையை எடுத்து வாசலிலேயே எறிவதும் அன்பினாற் செய்யப்படுவன. ஆனால், நல்லன யாவும் கதவருகே கிடைக்கும் என்பதை அவை பூனைக்குக் கற்பித்துவிடுகின்றன. ஒருமுறை பாய்ந்தோடியபோது குழந்தைகள் கூச்சலிட்டுத் துரத்தினால், அதுவும் பூனைக்கு ஒரு விளையாட்டாகவே தோன்றும்.

தடுக்கும் முறை

முதற்கண் அறுவை செய்வித்தல். ஏறக்குறைய ஆறு மாத வயதில் கடுவனுக்கு விதை நீக்கமும், பெண்பூனைக்குக் கருப்பை நீக்கமும் செய்வித்தால், துணை தேடி அலைவது நின்றுவிடும். பெண்பூனையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாட்களே. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றும், ஒவ்வோர் ஈற்றில் மூன்று நான்கு குட்டிகளும் சாதாரணம். அவற்றை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் கொடியது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். அறுவை செய்த பூனை சோம்பிப்போய் எலி பிடிக்காது என்று சிலர் அஞ்சுவர். வேட்டைக் குணம் அவ்வுறுப்புகளைச் சார்ந்ததன்று. அளவுக்கு மீறி உணவிட்டுக் கொழுக்கவிடாமற் பார்த்துக்கொண்டால் போதுமானது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவமனைகள் உள்ளன. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் அறுவை செய்யுமிடத்தை அறியலாம்.

அடுத்தது உணவின் நேரமும் இடமும். மாலைக் கதவு திறக்கும் பரபரப்புக்குச் சற்று முன்பாகவே, தெருக்கதவுக்கு மிகத் தொலைவான ஓரிடத்தில், இயன்றால் நெல்லறையின் வாயிலில், நாள் தவறாமல் உணவு வைத்தல் வேண்டும். உண்ட பூனை தன் உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டு சிறிது நேரம் படுத்திருக்கும். அந்நேரத்தில் மாடு கட்டுவது, விறகு எடுப்பது முதலிய வெளி வேலைகளை முடித்துக்கொள்ளலாம். மோர்ச்சோறு மட்டும் உண்டு பூனை வாழாது. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உள்ளது. அது குறைந்தால் பூனையின் கண்பார்வை மங்கி, இதயமும் தளரும். ஆகையால் வேகவைத்த சிறுமீன், முட்டை, கோழிக் குடல் அல்லது ஈரலில் சிறிது சோற்றுடன் சேர்தல் வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பனவாதலால், மிஞ்சிய மீன்குழம்பை ஊற்றிவிடலாகாது. சைவ உணவுக் குடும்பத்தார் மீன் சமைக்க விரும்பாவிடில், கடையில் விற்கும் பூனைத் தீவனத்தைச் சிறிது வாங்கிச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவதாக, கதவு திறக்கும்போது பூனை சென்று அமரவேண்டிய ஓரிடத்தை அதற்குக் கற்பித்தல். இதற்கு ஒரு பழஞ்சாக்கும், ஒரு கொட்டாங்கச்சியும், உப்பு நீங்க ஊறவைத்த நெத்திலிக் கருவாட்டுத் துணுக்குகளும் போதும். தெருக்கதவிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால், கூடத்தில் ஒரு மூலையிலோ, சற்று உயரமான பெட்டியின் மீதோ சாக்கை விரிக்கவேண்டும். கொட்டாங்கச்சியை இரண்டு தட்டுத் தட்டி, பூனை வந்து சாக்கில் அமர்ந்ததும் ஒரு துணுக்கு இடவேண்டும். பசியுள்ள வேளையில் நாளைக்கு நாலைந்து முறை செய்தால், ஒரு வாரத்திற்குள் தட்டிய ஒலி கேட்டதுமே பூனை சாக்குக்கு ஓடிவரும். பின்னர், ஒருவர் தட்டித் துணுக்கிட, மற்றொருவர் கதவின் தாழ்ப்பாளை மட்டும் அசைக்கவேண்டும். பூனை எழாமலிருந்தால் துணுக்கு. எழுந்து ஓடினால் ஒன்றும் பேசாமல், கதவைத் திறவாமல் நின்றுவிடவேண்டும். தாழ்ப்பாள் ஒலிக்குப் பழகியபின் கதவை ஒரு சாண் திறந்து மூடுதல், பிறகு ஓர் ஆள் புகுமளவு திறத்தல், பிறகு உண்மையாகவே வெளியே சென்று வருதல் எனப் படிப்படியாகச் செல்லவேண்டும். குட்டிகள் விரைவிற் கற்கும். பல ஆண்டு வெளியே திரிந்த பூனைக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம். இடையில் ஒருநாள் ஓடிவிட்டது என்பதற்காக முயற்சியைக் கைவிடலாகாது.

இக்காலம் முழுவதும் வீட்டார் ஒரு விதியைக் காத்தல் வேண்டும்: கதவருகே பூனையுடன் பேசுவதும், தடவுவதும், உணவிடுவதும் அறவே கூடாது. வெளியிலிருந்து வருபவர் உள்ளே வந்து, கதவைத் தாழிட்டு, சாக்கு இருக்கும் இடத்துக்குச் சென்ற பின்பே பூனையை அழைக்கவேண்டும். பெரியவர்கள் ஒழுங்காகச் செய்ய, குழந்தைகள் கெடுத்துவிடுவர் என்று கருதப்படுகின்றது. அனுபவத்தில் இது பெரும்பாலும் நேர்மாறானது. குழந்தைகள் இப்பயிற்சியை விளையாட்டாக ஏற்றுக்கொள்வர். வழக்கத்தை மாற்றிக்கொள்ள மறுப்பவர் வீட்டுப் பெரியவரே.

அடித்தல், தண்ணீர் தெளித்தல், துடைப்பத்தை ஓங்குதல் ஆகியவை பயனற்றவை. அவற்றால் பூனை கதவுக்கு அஞ்சுவதில்லை, அடிப்பவருக்கே அஞ்சுகின்றது. அவர் இல்லாதபோது முன்னிலும் விரைவாகப் பாயும். கழுத்தில் கயிறிட்டுக் கட்டிவைப்பதும் ஆகாது. பூனை குதித்து ஏறும் பிராணியாதலால், கயிறு தூணிலோ பெட்டியிலோ சிக்கிக் கழுத்து இறுகி இறந்துவிடக் கூடும்.

கதவும் முற்றமும்

பழைய காலத்துத் தெருவீடுகளில் தெருக்கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி ஒன்று உண்டு. இரு புறமும் கதவுள்ள ரேழி பூனையைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டதுபோல் உதவும். தெருக்கதவை மூடிய பின்பே உட்கதவைத் திறப்பது என்ற வழக்கத்தை வீட்டார் கைக்கொண்டால், உட்கதவைத் தாண்டிய பூனையும் ரேழியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து அதனைத் திரும்பத் தூக்கி வருவது எளிது. ரேழியின் உட்கதவு பல வீடுகளில் என்றும் சாத்தப்படாமல், கீல் துருவேறிக் கிடக்கின்றது. அதற்குச் சிறிது எண்ணெய் விடுவதே இக்கட்டுரையிற் கூறப்படும் யாவற்றிலும் மலிவான வேலை.

புதுமுறைக் கட்டிடங்களில் ரேழி இல்லை. அதற்கு ஈடாக முகப்பில் இரும்புக் கிராதி உள்ளது. கிராதிக் கம்பிகளின் இடைவெளி பூனைக்கு ஒரு தடையன்று. தலை நுழைந்த இடத்தில் அதன் உடல் நுழைந்துவிடும். கிராதியின் உட்புறத்தில், ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலையை அடிமுதல் உச்சிவரை பொருத்தினால், முகப்பே ரேழியின் வேலையைச் செய்யும். பாதி உயரத்துக்கு மட்டும் வலையோ பலகையோ அடிப்பது வீண்செலவு. ஐந்தடி உயரத்தைப் பூனை எளிதில் தாவும்.

வானம் பார்த்த முற்றமுள்ள வீட்டில் கதவை மட்டும் காப்பதால் பயனில்லை. தூணைப் பற்றி ஏறி, ஓட்டின் வழியே பூனை போய்விடும். முற்றத்தின் மேல் கம்பி அழி உள்ள வீடுகளில் அதன்மீது வலை விரிக்கலாம். அது இயலாதவர்கள், இரவில் மட்டும் பூனையை நெல்லறையில் விட்டு அடைத்தல் போதுமானது. பகலில் அது முற்றத்தில் வெயில் காயட்டும். இரவில் எலி வருமிடத்திலேயே பூனையும் இருப்பது இருவகையிலும் நன்மை.

களத்திலிருந்து மூட்டை ஏற்றிவரும் நாளில் தெருக்கதவு மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். ஆட்கள் சுமையோடு வருவதால் காலடியில் பூனை ஓடுவதைக் காணமாட்டார்கள். இடறி விழவும் கூடும். திருமணம், திருவிழா நாட்களும் இத்தகையனவே. அந்நாட்களில் எவ்வளவு பயிற்சி பெற்ற பூனையையும் நம்பாது, தண்ணீரும் மணற்பெட்டியும் வைத்த ஓர் அறையில் விட்டுப் பூட்டிவிடவேண்டும். சாவியை ஒருவரே வைத்திருத்தல் நலம்.

கதவைப் பற்றிப் பேசும்போது அதன் அடியையும் பார்த்தல் வேண்டும். கால் அங்குல இடுக்கில் சுண்டெலியும், அரை அங்குல இடுக்கில் எலியும் புகும். கதவின் அடிச்சட்டத்தில் தகரப்பட்டை அடித்து இடுக்கை அடைத்தால் எலியின் வரவு குறையும்; கதவுக்கு அப்பாலிருந்து பூனையை இழுக்கும் ஓசையும் வாடையும் குறையும்.

உள்ளே இருக்கும் பூனைக்கு வேண்டியவை

வெளியே செல்லாத பூனைக்கு மலங்கழிக்க ஓரிடம் வேண்டும். நாலு விரற்கடை ஆழத்துக்கு ஆற்று மணலோ மரத்தூளோ இட்ட அகன்ற பெட்டி ஒன்று போதும். உணவு வைக்குமிடத்துக்கு எட்ட வைக்கவேண்டும். மலத்தை நாள்தோறும் அள்ளிப் புதைத்தல் இன்றியமையாதது. டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரின் கருக்கள் பூனை மலத்தில் வெளிப்பட்டு, ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குள் நோய் தரும் நிலையை அடைகின்றன. நாள்தோறும் அகற்றினால் அந்நிலையை அடையுமுன் அவை நீங்கிவிடும். கர்ப்பவதிகள் இவ்வேலையைச் செய்யலாகாது. ஆடு வளர்ப்போர் இதனை மேலும் கருத்திற் கொள்வாராக: வெளியே திரியும் பூனை வைக்கோற்போரிலும் தீவனத்திலும் மலங்கழிப்பதால் இந்நோய் செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் பரவிக் கருச்சிதைவு உண்டாகின்றது. பூனையை உள்ளே நிறுத்திப் பெட்டியைப் பழக்குவது ஆட்டுக்கிடைக்கும் காப்பாகும்.

இவையன்றி, நகத்தைத் தீட்டிக்கொள்ளச் சணற்கயிறு சுற்றிய ஒரு கட்டையும், ஏறியிருந்து பார்க்கப் பரண் அல்லது வலையடித்த சன்னலும் இருக்கட்டும். நெல்லறையில் மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல், ஒன்றரை அடி இடம் விட்டு மரச்சட்டங்களின் மீது அடுக்கினால், நெல்லில் ஈரம் ஏறாது. மூட்டைக்குப் பின்னால் எலி ஒளிய இடமுமில்லாமற் போகும். பூனை சுற்றிவரவும் வழி உண்டாகும். புதிதாகக் கொண்டுவந்த பூனையை இரண்டு மூன்று வாரம் ஒரே அறையில் வைத்திருந்து, அவ்விடத்தின் வாடையும் உணவு நேரமும் பழகிய பின்பே வீடு முழுவதும் உலவவிடவேண்டும்.

ஓடிவிட்டால்

துரத்தலாகாது. துரத்தப்பட்ட பூனை தான் அறியாத இடத்துக்குச் சென்று வழி தவறும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியேறியதும் அஞ்சி, பெரும்பாலும் அருகிலேயே வைக்கோற்போரின் அடியிலோ, விறகுக் குவியலிலோ, அயல்வீட்டுக் கொல்லையிலோ பதுங்கியிருக்கும். தெரு அடங்கியபின், பழகிய கொட்டாங்கச்சி ஒலியை எழுப்பி, கதவைச் சற்றுத் திறந்து, அது படுக்கும் சாக்கை நிலைப்படியருகே இட்டுக் காத்திருத்தலே சிறந்தது. திரும்பி வந்ததும் தண்டிப்பது பெரும்பிழை. திரும்பி வந்ததற்கே தண்டனை என்று அது உணரும். காயம் உண்டா என்று பார்த்து, நாய் கடித்த அடையாளம் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, ஆண்டுதோறும் மீண்டும் இடுவித்தல் நலம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையம் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். சுண்ணாம்பும் மஞ்சளும் அப்புவது பயன்படாது.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கது

எலி ஒழிப்பு ஓர் ஊரார் அனைவரும் ஒரே காலத்திற் சேர்ந்து செய்தாலன்றிப் பலிக்காது. ஒருவர் வயலில் மட்டும் நஞ்சிட்டால், அடுத்தவர் வயலிலிருந்து எலிகள் வந்து அவ்விடத்தை நிரப்பிவிடும். ஆகையால் கிராம நிர்வாக அலுவலரும், ஊராட்சித் தலைவரும், உதவி வேளாண்மை அலுவலரும் கலந்து நாள் குறிப்பது முறை. அந்நாளை வயலுக்குரியவர்க்கு மட்டும் தெரிவித்தால் போதாது. நிலமில்லாத வீடுகளிலும் பூனை உண்டு. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கம் விலக்கப்பட்டதால், ஒலிபெருக்கி வாயிலாகவும், அறிவிப்புப் பலகை வாயிலாகவும், நியாயவிலைக் கடையிலும் பால் சேகரிக்குமிடத்திலும் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக அறிவித்தல் வேண்டும். எந்நஞ்சு, எந்தெந்தப் பகுதி, எந்நாள் முதல் எந்நாள் வரை என்பவை அவ்வறிவிப்பிற் காணவேண்டும். அந்த ஒரு வாரத்திலேயே பூனைகளை இரவில் அடைத்துப் பழக்கிக்கொள்ள வீட்டாருக்கு அவகாசம் கிடைக்கும்.

நஞ்சிட்ட காலத்தில் ஒவ்வொரு நாளும் காலையில் வயலையும் வாய்க்கால் கரையையும் சுற்றிவந்து, செத்த எலிகளையும் எஞ்சிய இரையையும் கையுறையணிந்து எடுத்து, கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவில் ஆழப் புதைக்கவேண்டும். இவ்வேலையை யார் செய்வது என்பதை முன்னரே பெயர் குறித்து ஒப்படைத்துவிட வேண்டும். எல்லோருக்கும் பொதுவென்று விட்டால் ஒருவரும் செய்யார். புரோமாடையோலோன் இட்டிருந்தால், எஞ்சிய இரையை எடுத்த நாளிலிருந்தும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் பூனைகளை உள்ளேயே வைத்திருத்தல் நலம்.

பூனை நஞ்சுண்டதாக ஐயம் தோன்றினால், காலம் கடத்தலாகாது. சில மணி நேரத்துக்குள் வாந்தியும் மூச்சுத்திணறலும் கண்டு, வாயில் பூண்டு நாற்றம் போன்ற வாடை வீசினால் துத்தநாக பாஸ்பைடு என்று கருதலாம். அதற்கு மாற்று மருந்து இல்லை. மருத்துவர் செய்யும் ஆதரவுச் சிகிச்சை ஒன்றே வழி. அப்பூனைக்குச் சோறோ பாலோ ஊட்டினால் வயிற்றில் அமிலம் சுரந்து நச்சு வாயு மிகும். வாந்தியிலிருந்து எழும் வாயு மனிதர்க்கும் கெடுதியாதலால் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். சில நாட்கள் கழித்து ஈறு வெளுத்து, சோர்ந்து, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணின் அது புரோமாடையோலோன் நஞ்சாக இருக்கலாம். அதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக உள்ளது. சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் பூனை பிழைக்கும். எந்நஞ்சு என்பதே மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி. ஆதலால் ஊருக்கென வாங்கிய நஞ்சின் உறையொன்றை, அதனை இட்ட தேதியும் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் அம்மாதம் முடியும்வரை பத்திரப்படுத்தி வைக்கவேண்டும்.